ஒரே ஜோடி கையுறை

“சார், அந்தக் கையுறையைக் கழட்டிடுங்க. கையைக் கழுவிட்டு, இந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, அப்புறம் தொடுங்க.”

வேலைக்குச் சேர்ந்த அன்றே தலைமை நர்ஸ் எச்சரித்திருந்தார்: “பெரிய டாக்டர்கிட்ட எதை வேணா சொல்லு, கை கழுவச் சொல்லாதே.” ஊரார் துணியைத் துவைத்து என்னைப் படிக்கவைத்த அம்மாவும், “டிகிரி இருக்குன்னு வாயைத் திறந்துடாதடி” என்றுதான் தினமும் வழியனுப்புவாள். இரண்டு பேர் பேச்சையும் காற்றில் விட்டாயிற்று.

பெரிய டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. பின்னால் மாணவர் கூட்டம் எட்டிப் பார்த்தது.

கையுறை போட்டால் கை சுத்தம் என்பது எங்கள் வார்டின் மதம். முதல் கட்டிலில் மாட்டிய ஜோடி கடைசிக் கட்டில்வரை ஊர்வலம் போகும். உள்ளே இருக்கும் டாக்டரின் கை சுத்தமாகத்தான் இருக்கும். வெளியே ஒட்டியதெல்லாம் அடுத்த நோயாளிக்குப் பரிசு. இப்போதும் பக்கத்துக் கட்டில் பாட்டியின் காலில் சீழைப் பிதுக்கிவிட்டு, அதே விரல்களோடுதான் வந்து நின்றார். கை கழுவும் தொட்டிக்கு மேலே, அவர் சிரித்தபடி கை கழுவும் படம் மாட்டியிருக்கிறது. அவர் கை நனைந்ததற்கு இந்த வார்டில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த அக்கா, போர் நடக்கும் இடத்திலிருந்து தப்பி வந்தவர். முதுகு முழுக்கத் தீக்காயம். யாரோ பின்னாலிருந்து வந்து செய்த வேலை. அதனால் பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலே உடம்பு விறைத்துவிடும். முதுகுக்குக் கட்டுப் போட வருகிறவர்களோ பின்னாலிருந்துதான் வருவார்கள், வந்ததும் கேட்காமல் துணியை உருவுவார்கள். அவர் அலறினால், ‘ஒத்துழைக்காத கேஸ்’.

நான் கட்டுப் போட்ட முதல் நாளே முன்னால் போய் நின்று, என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். தலையில் போட்டிருந்த முக்காட்டைத் தொடவில்லை. என் கை அவருக்குத் தெரியும்படி ஒரு கண்ணாடியைக் கொடுத்தேன். விரலைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன். அவ்வளவுதான், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. காயம் இளஞ்சிவப்பாகத் தேறி, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டும் நிலைக்கு வந்திருந்தது. அதில் அந்தச் சீழ் பட்டால் எல்லாம் பாழ்.

“நீ யாரும்மா?” என்றார் டாக்டர்.

“இந்த வார்டு நர்ஸ் சார். தினமும் பாக்கறீங்களே.”

“தொடறதுக்குப் பர்மிஷன் கேக்கணுமா? நான் என்ன வாடகைக்கு வீடு பாக்கவா வந்திருக்கேன்?”

மாணவர்கள் சிரித்தார்கள். பாவம், மார்க் அவர் கையில்.

“வீடு பாக்க வர்றவங்களே கதவைத் தட்டிட்டுத்தான் சார் உள்ள வராங்க.”

சிரிப்பு அறுந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றி என் தட்டில் வீசிவிட்டுப் போனார். அக்காவின் விரல் அத்தனை நேரமும் தூக்கியபடியே இருந்தது. என்னைத் தவிர அதை ஒருவரும் பார்க்கவில்லை.

அவர் பக்கத்தில் குனிந்து ஒன்று கேட்டேன். விரலை மடக்கி, தலையை ஆட்டினார்.

அதற்குள் தலைமை நர்ஸின் அறையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

“உனக்கு எவ்வளவு கொழுப்பு! போன வாரம்தான் மனக்காயம் பத்தி அவர் எப்படிப் பேசினாரு? நானே அழுதுட்டேன்.”

“அந்தப் பேச்சை அவரும் கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும் மேடம்.”

“வாயைப் பாரு! போய் மன்னிப்புக் கேளு. சாயங்காலம் பசங்களோட திரும்ப வருவாரு. நீ அந்தம்மா கையைப் பிடிச்சுக்கோ.”

“பிடிச்சுக்கவா, அமுக்கிக்கவா?”

அவர் மேசைமேல் இருந்த ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

“தோல் ஒட்டுற பிரிவுல இடம் இருக்கு மேடம். அங்க இருக்கற லேடி டாக்டர் எத்தனை தடவை கேட்டாங்க? ஏன் அனுப்பல?”

“பசங்களுக்குக் காட்ட இந்த மாதிரிக் காயம் சுலபமா கிடைக்காதுன்னாரு.” சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போல. குரலைத் தணித்துக்கொண்டார். “நானும் ஒரு காலத்துல உன்னை மாதிரிதான்டி இருந்தேன். ரிட்டயர் ஆக வேணாமா? மன்னிப்புக் கேக்கலேன்னா நாளைக்கு இந்த வார்டுல உனக்கு வேலை இல்ல. அப்புறம் எந்த வார்டுலயும் இருக்காது.”

அம்மாவின் வெடித்த விரல்கள் நினைவுக்கு வந்தன. வராமல் இருக்குமா? வந்தன, வலித்தது. ஆனால் நோயாளியே நேரில் வந்து கேட்டால் யாரும் தடுக்க முடியாது, உடனே சேர்த்துக்கொள்கிறேன் என்று அந்த லேடி டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவிடம் நான் கேட்டதும் அதைத்தான்: “இப்பவே போலாமா?”

எழுந்தேன்.

“போறியா?”

“போறேன் மேடம்.”

“நல்ல பொண்ணு. டாக்டர் ரூம்ல இருக்காரு, இடது பக்கம்.”

“தெரியும்.”

கதவைச் சாத்திவிட்டு வலது பக்கம் திரும்பினேன். வராந்தாவில் சும்மா நின்ற சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்கு நடந்தேன்.