கேட்காமல் நிரப்பிய கட்டம்

அம்மாக்கள் எதுவரை படித்தார்கள், மகள்கள் எதுவரை படித்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதுதான் என் வேலை. ஊரையெல்லாம் கேட்டவள், எங்கள் வீட்டுப் படிவத்தை மட்டும் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே நிரப்பினேன். தாய்: எட்டாம் வகுப்பு. மகள்: எம்.எஸ்ஸி. பெற்ற அம்மாவிடம் போய் என்ன கேட்பது?

படிவம் உண்மையைச் சொன்னது. நான்தான் சொல்லவில்லை. மறுநாள் என்னைப் பார்க்க வரவிருந்த மாப்பிள்ளை பி.எஸ்ஸி. அவர் மனம் கோணக்கூடாது என்று அத்தை என்னையும் பி.எஸ்ஸி. என்றே சொல்லிவைத்திருந்தாள். போனில் பேசியதிலேயே எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மேற்பார்வையாளர் படிவத்தைத் திருப்பிப் போட்டார். "உங்கம்மா கையெழுத்து எங்கே? நேர்ல கேட்டு எழுதணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

வீட்டுக்குப் போனபோது அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போன இடத்தில் கேட்பதுபோலவே கேட்டேன்.

"சொல்லுங்கம்மா, எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

கத்தி நின்றது. "பொய் சொல்லிக் கையெழுத்துப் போடலாமா?"

"கூடாது. ஏன்?"

"அப்போ பி.எஸ்ஸி. கணக்குன்னு எழுது."

சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. பீரோவில் புடவைகளுக்கு அடியில் விரித்திருந்த தாளைத் தூக்கி, அதற்கும் அடியிலிருந்து பட்டச் சான்றிதழை எடுத்துவந்தாள். முதல் வகுப்பு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சின்ன வயதில் நான் சத்தமாகக் கணக்குப் போடுவேன். விடை தப்பினால் மட்டும், "காதுல விழல, மறுபடி சொல்லு" என்பாள். செவிட்டு அம்மா என்று கேலி செய்திருக்கிறேன். "உனக்கென்ன தெரியும்" என்று எத்தனை முறை அவள் வாயை அடைத்திருப்பேன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவர் பத்தாவது ஃபெயில். எங்க வீட்டுல எட்டாவதுன்னு சொல்லிக் கட்டி வச்சாங்க, நானும் தலையாட்டினேன். அப்புறம் எந்த வருஷம் சொல்றது?"

இருபத்தேழு வருஷம்! ஒரே வீட்டில்!

"கஷ்டப்பட்டுப் படிச்சதை யாராவது ஒளிப்பாங்களாம்மா?" என்று கத்தினேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "என்னை எட்டாவதுன்னு அனுப்பினாங்க. உன்னை பி.எஸ்ஸி.ன்னு அனுப்பப் போறோம். என் பொண்ணு என்னைவிட அவ்வளவுதான் மேல வந்திருக்கா."

பொட்டில் அறைந்தது போலிருந்தது. போனை எடுத்து மாப்பிள்ளையை அழைத்தேன்.

"நான் எம்.எஸ்ஸி. எங்க அத்தை சொன்னது பொய். அதுக்கு நானும் உடந்தை."

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் அப்பாவின் வண்டி வந்து நின்றது. அம்மா சான்றிதழை உள்ளே வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே கதவைத் திறக்கப் போனாள்.