நடுநிலைக்காரன்

"அடியே, மெதுவாத் தள்ளு! சாகப்போறவனைப் பார்க்கப் போற என்னை முன்னாடி அனுப்பிடாதே!"

உதைவண்டியின் முன்பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த லெம்பி அத்தை கத்தினாள். பின்னால் ஒரு காலைச் சறுக்குக் கட்டையில் ஊன்றி, மறுகாலால் பனியை உதைத்து உதைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள் சைமி. ஏப்ரல் கடைசி வாரம். ஆற்றின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அடியில் பனி கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் கெட்டி, கெட்டி என்று நம்பி ஏப்ரல் கடைசியில் தோர்னியோ ஆற்றில் இறங்கியவர்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வரிசையே படுத்திருக்கிறார்கள்.

பின்னால் விட்டுவந்த கரை பின்லாந்து. முன்னால் தெரிந்த கரை சுவீடன். இரண்டு கரையிலும் ஒரே பின்னிஷ் பேச்சு, ஒரே ஜெபக்கூட்டம், ஒரே கடத்தல் காப்பி. ஆற்றின் நடுவே எல்லைக்கோடு போட்டவர்கள் எங்கோ இருந்த ராஜாக்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களின் கண்ணில் அது படவேயில்லை. சைமியின் அம்மா பின்லாந்துக் கரையிலிருந்து வந்தவள். அம்மாவின் தம்பி யால்மரியைக் கட்டிக்கொண்டவள்தான் இந்த லெம்பி அத்தை.

சுவீடன் கரையில் இருந்த சைமியின் வீட்டில் அத்தை கடைசியாகக் கால் வைத்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது.

ஊருக்கே பாதிக் கதை தெரியும். 1918 பிப்ரவரியில் பின்லாந்தில் தொழிலாளர் சிவப்புப் படையும் அரசாங்க வெள்ளைப்படையும் அடித்துக்கொண்டபோது, ரயில் பட்டறைச் சங்கத்து ஆளான யால்மரி மாமா இரண்டே நாள் துப்பாக்கி தூக்கினார். வெள்ளைப்படை ஊருக்குள் வந்ததும் அதைப் பனியில் எறிந்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைக் கடந்து ஓடிவந்தார். சுவீடன் கரையில் நின்ற காவல் அவரைத் திருப்பி அனுப்பியது. மூன்றாம் நாள் வெள்ளைப்படையினர் அவரை ஒரு மரக்கிடங்குக்குப் பின்னால் நிற்கவைத்துச் சுட்டார்கள். அந்தச் சுவீடன் காவல் படையில் இருபத்துநாலு வயதுச் சிப்பாயாக இருந்தவர் நெஸ்டோரி, சைமியின் அப்பா. "அன்னிக்கு எனக்கு வேற இடத்துல காவல்," என்று அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அம்மா அதை நம்பி, ஏழு வருஷத்துக்கு முன்னால் நம்பிக்கையோடேயே செத்தும் போனாள்.

அந்தக் குளிர்காலத்தில் சுவீடன் நடுநிலை நாடு. யார் பக்கமும் இல்லையாம். ரோமத் தொப்பி போட்ட கனவான்கள் தெற்கிலிருந்து ரயிலேறி வந்து, வெள்ளைப்படையில் சேர இதே ஆற்றைத் தாண்டிப் போனார்கள். அவர்களோடு போன நீளப் பெட்டிகளை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. வெறுங்கையோடு இந்தப் பக்கம் ஓடிவந்தவர்களைத்தான் நிறுத்திப் பார்த்தார்கள். நடுநிலையாம், நல்ல நடுநிலை! பின்லாந்துக் கரையில் அப்பாவுக்கு அன்றிலிருந்து 'நடுநிலைக்காரன்' என்றே பெயர்.

இன்று விடியற்காலையில் கஞ்சி ஊட்டும்போது, சாகக் கிடந்த அப்பா கரண்டியைத் தள்ளிவிட்டு, "சைமி, அந்தப் பிப்ரவரி ராத்திரி ஆத்துல..." என்று தொடங்கினார். இத்தனை வருஷமாகத் திறக்காத வாய். "என்கிட்ட வேண்டாம்ப்பா," என்றாள் சைமி. "சொல்ல வேண்டியவங்ககிட்டயே சொல்லிடுங்க. நான் போய் அத்தையைக் கூட்டிட்டு வரேன்." எதையும் முறையாகச் செய்ய வேண்டும் அவளுக்கு. துணி துவைத்தாலும் அப்படித்தான், பாவமன்னிப்பானாலும் அப்படித்தான். யாருக்குத் தீங்கு செய்தாயோ அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், அவர் தன் வாயால் 'மன்னித்தேன்' என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் உயிர் நிம்மதியாகப் போகும். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை மெல்ல ஆட்டினார்.

"என்னைக் கேட்டானா? அவனே கேட்டானா?" என்றாள் அத்தை, வண்டியிலிருந்து திரும்பாமலே.

"ஆமா அத்தை. உங்களைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

அப்பா அப்படிச் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்கு ஒரு சின்னப் பொய், போகட்டும் என்று சைமி பனியை இன்னும் ஓங்கி உதைத்தாள்.

"தைஸ்தோ சொன்னது காதுல விழுந்துச்சா?" என்றாள் அத்தை.

விழுந்தது. தைஸ்தோ அத்தையின் ஒரே மகன். அப்பன் செத்து ஆறு மாதம் கழித்துப் பிறந்தவன். வலை பின்னிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "போம்மா. அந்த நடுநிலைக்காரன் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டா, குடுத்துட்டு வா. கேட்கலேன்னா ஒரு வார்த்தை விடாதே."

"அவன் கிடக்கிறான்," என்றாள் அத்தை. "எனக்கு அந்த வார்த்தை முப்பத்தஞ்சு வருஷமா நாக்குக்கு அடியிலேயே கிடக்குடி. வெளியே வந்தாத்தான் எனக்கும் நிம்மதி. அவன் கேட்கணும், அவ்வளவுதான். நான் வேற என்ன கேட்டேன்?"

கரையோரம் பனி விட்டுப்போய் இரண்டு முழத்துக்குத் தண்ணீர் ஓடியது. சைமியின் புருஷன் ஆர்விட் குறுக்கே போட்டிருந்த பலகைகளின் மேல் நின்று அத்தைக்குக் கை கொடுத்தான். "சீக்கிரம் வாங்க. இந்தப் பலகை சாயங்காலம் வரைக்கும் தாங்காது," என்றான்.

வீட்டில் பிரசங்கி யூஹானி காப்பியைச் சாசரில் ஊற்றி, பல்லில் சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாள் மாட்டுக்காரர், ஏழாம் நாள் பிரசங்கி. "தேவ சமாதானம், லெம்பி," என்று எழுந்தார். "தேவ சமாதானம்," என்று சொல்லிவிட்டு அத்தை நேராக உள்ளறைக்குப் போனாள். கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைத்துணியை அவிழ்க்கவில்லை.

அப்பாவின் முகம் அவளைப் பார்த்ததும் சுருங்கியது. சைமி அதைக் கவனித்தாள். வெட்கமா, பயமா, தெரியவில்லை.

"நெஸ்டோரி," என்றார் யூஹானி, "மனசுல இருக்கிறதை இறக்கி வை. நாங்க இருக்கோம்."

அப்பா இறக்கினார். குரல் கம்மியிருந்தாலும் வார்த்தை தெளிவாக வந்தது. நொண்டிக் குதிரையை நல்ல குதிரை என்று விற்றது. 1913-இல் கோடைத் திருநாளில் டான்ஸ் ஆடினது.

"இயேசுவின் நாமத்தினாலும் இரத்தத்தினாலும் மன்னிக்கப்பட்டது, விசுவாசி," என்றார் யூஹானி, ஒவ்வொன்றுக்கும்.

"காப்பி கடத்தினேன். சர்க்கரையும். ஒரு தடவை பன்னி. குட்டிக்குச் சாராயம் ஊத்தித் தூங்கவெச்சு, குழந்தை மாதிரி துணி சுத்தி..."

"மன்னிக்கப்பட்டது."

"காப்பி எவ்வளவுன்னு சொல்லணுமா?"

"வேண்டாம், நெஸ்டோரி. அதுல பாதி எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு."

வாசலில் நின்ற ஆர்விட் சிரிப்பை அடக்க இருமினான். அத்தை சிரிக்கவில்லை. மடியில் இரண்டு கையையும் கோத்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற?" என்றாள் அத்தை. வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் உதடு அசைந்தது. சைமி கட்டிலருகே குனிந்தாள். இதோ, இதோ வந்துவிட்டது. கர்த்தாவே, வரட்டும்.

"லெம்பி..." என்றார் அப்பா. "உன் பசு கன்னு போட்டுச்சா?"

அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போட்டுச்சு," என்றாள். "கிடேரி."

"நல்லது. கிடேரின்னா நல்லது."

அவ்வளவுதான். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். யூஹானி எழுந்து அவர் தலைமேல் கை வைத்து, சொன்னது சொல்லாதது எல்லாம் மன்னிக்கப்பட்டது என்று முடித்தார். கூட இருப்பவர்களும் கை வைப்பது வழக்கம். ஆர்விட் வைத்தான். சைமி வைத்தாள். அத்தையின் கை மடியை விட்டு எழவில்லை. நாலு மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அப்பா போய்விட்டார். போகும்போதும் சுவரைப் பார்த்தபடிதான்.

சைமி ஜன்னலைத் திறந்துவிட்டாள். யூஹானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் மனசுல இன்னும் ஒண்ணு இருந்துச்சும்மா. வரமாட்டேன்னுடுச்சு," என்றார்.

"காலையில என்கிட்ட சொல்ல ஆரம்பிச்சாரு," என்றாள் சைமி. "நான்தான், அத்தை வரட்டும்னு..."

"அடடா," என்றார் அவர். நல்ல மனுஷன், குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. "நீயும் விசுவாசிதானேம்மா? நம்ம சபையில எந்த விசுவாசியும் மன்னிப்புச் சொல்லலாமே. நீயே கேட்டு, நீயே அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாமே." பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, பெட்டிக்குப் பலகை பார்க்க ஆர்விட்டைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

எல்லாம் முறையாக நடக்க வேண்டும் என்று சைமி ஓடிய ஓட்டம் இதற்குத்தானா?

இரண்டு பெண்களும் வெந்நீர் வைத்து உடம்பைக் கழுவினார்கள். கூப்பிடாமலே அத்தை கைகளை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அன்னிக்குக் காவலுக்கு நின்னது அப்பாதானா அத்தை?"

"பின்னே? உங்க மாமாகூட ஓடிவந்தவன் ஒருத்தன் தப்பிச்சு, ஆத்துக்கு மேல்பக்கம் போய்க் கரையேறினான். அவன் வந்து சொன்னான் என்கிட்ட. உங்கம்மாகிட்ட நான் சொல்லலை. ஒரு வீட்டுல ஒருத்தி அழுதாப் போதும்னு விட்டுட்டேன்." அத்தை அப்பாவின் பாதத்தை ஏந்திச் சோப்புப் போட்டாள். "பத்து அடி தூரம். நல்ல நிலா. 'மச்சான், சுடாதே, நான்தான் யால்மரி'ன்னு கத்தியிருக்காரு. உங்கப்பன் துப்பாக்கியை நீட்டி, 'திரும்பிப் போ'ன்னான். சுவீடிஷ்ல."

"சுவீடிஷ்லயா?"

"இந்த வீட்டுல மாட்டைக்கூட சுவீடிஷ்ல அதட்டினது கிடையாது! பள்ளிக்கூடத்துல அடிவாங்கிக் கத்துக்கிட்டது நாலு வார்த்தை. அதுல ரெண்டை எடுத்து சொந்த மச்சான் மூஞ்சியில எறிஞ்சான். திருப்பி அனுப்பினான், சரி. பின்னாடி மேலதிகாரி நிக்கிறான், உத்தரவு, சின்ன வயசு, பயம். அதை நான் அந்த வருஷமே விட்டுட்டேன்டி, சத்தியமா. 'யால்மரி, என்னால முடியலடா'ன்னு நம்ம பேச்சுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவர் கடைசியாக் கேட்ட சொந்தக்காரன் குரல் அது. யாரோ தெரியாதவன் மாதிரி..."

துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"நீங்க சொல்லியிருக்கலாமே அத்தை," என்றாள் சைமி. கோபம் அல்ல, ஆனால் அப்படித்தான் ஒலித்தது. "அவர் கேட்காமலே. கை வெச்சிருக்கலாமே."

"வெச்சிருக்கலாம்." அத்தை நிமிரவில்லை. "பசு கன்னு போட்டுச்சான்னு கேட்டான் பாரு, அதுக்கு மேல அவனுக்கு வராதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து கேட்கட்டுமே, அப்படி என்ன குறைஞ்சுபோச்சுன்னு."

சைமி அழுதாள். அழுதுகொண்டே, "அவர் உங்களைக் கூப்பிடவே இல்லை அத்தை. நான்தான் பொய் சொன்னேன். என்கிட்ட சொல்ல வந்தாரு, நான் வாயை அடைச்சுட்டேன்," என்றாள்.

அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தாள் சைமி.

"அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி," என்றாள் அத்தை. "அக்குள்ல ஈரம் நிக்குது."

அப்பாவுக்குச் சட்டை மாட்டி, வெள்ளைத் துணியால் மூடிவிட்டு வெளியே வந்தபோது மணி ஆறு. வெயில் இன்னும் பளிச்சென்று இருந்தது. ஆர்விட் சொன்னது போலவே பலகைகள் போய்விட்டன. கரைக்கும் பனிக்கும் நடுவே ஆள் உயரத்துக்குமேல் அகலமாகத் தண்ணீர் ஓடியது. நாளைக்கு டவுன் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் அத்தை வீடு திரும்ப வேண்டும்.

அந்த இடத்தில் ஆறு கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். காற்றில்லாத சாயங்காலத்தில் ஒரு கரை நாய் குரைத்தால் மறுகரை நாய் பதில் சொல்லும். எதிர்க்கரைப் படகுக் கொட்டகைக்கு முன்னால் தைஸ்தோ நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. இவர்களைக் கண்டதும் நீர் விளிம்புவரை இறங்கி வந்தான்.

அத்தை வாயருகே இரண்டு கையையும் குவித்தாள். "செத்துட்டான்!"

பனிமேல் உருண்டு போனது குரல். பிறகு அங்கிருந்து வந்தது:

"கேட்டானா?"

சைமி தரையைப் பார்த்தாள். அத்தை பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. ஊரில் யாருமே கேட்டதில்லை. சுங்கக்காரன் பையில் என்ன என்று கேட்டால், "காப்பி" என்று சொல்லி மாட்டிக்கொண்ட ஒரே பெண்பிள்ளை அவள்தான் என்று அந்தக் கரையில் இன்றும் சிரிப்பார்கள்.

"அம்மா! கேட்டானா அவன்?"

"கேட்டான்!" என்று கத்தினாள் அத்தை. குரல் உடைந்தது. செருமிக்கொண்டு இன்னும் உரக்கக் கத்தினாள். "நல்லா வாயைத் திறந்து, நம்ம பேச்சுலயே கேட்டான்! நான் குடுத்துட்டேன்!"

தைஸ்தோ அசையாமல் நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றினான். கழற்றியதை என்ன செய்வது என்று தெரியாதவன் போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இந்தக் கரை வீட்டைப் பார்த்தபடி நின்றான்.

"குளிர்ல வெறுந்தலையோட நிக்கிறான் பாரு, கூறுகெட்டவன்," என்றாள் அத்தை. தலைத்துணியின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதை அவிழ்த்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சைமிக்கு முன்னால் வீட்டைப் பார்த்து நடந்தாள்.