மயில்கழுத்துச் சாதம்

என் வீட்டுக்காரர் குமாரசாமிக்குச் சமைக்கத் தெரியாது. தெரியாவிட்டால் கூடப் பரவாயில்லை, தெரியாது என்பது அவருக்கே தெரியாது, அதுதான் என் தலையெழுத்து. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற மனுஷன். அரக்கிலேயே பத்து தினுசு பிரித்துச் சொல்வார். அடுப்பில் பால் பொங்கினால் மட்டும் "கமலா" என்று கத்துவார்.

அப்பேர்ப்பட்டவர் கைக்கு என் அடுப்படி போனதற்கும் அவரேதான் காரணம். பட்டறையிலிருந்து சாயத்தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து கூடத்தில் நின்றார். துடைக்கத் துணி எடுக்கப் போன நான் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார, அவர் கரண்டியைப் பிடித்தார்.

முதலில் ரசம் வைத்தார். வெந்நீரில் புளி மிதந்தது. அப்புறம் கைப்பேசியில் எவனெவனோ சமைப்பதைப் பார்க்க ஆரம்பித்தார், அன்றைக்குப் பிடித்தது சனி. தயிர்சாதத்தில் டிராகன் பழம் போட்டார். தர்ப்பூசணித் தோலைக் கூட்டு வைத்தார். வேலியில் கிடந்த பிரண்டையைக் கையில் எண்ணெய் தடவாமல் நறுக்கி, ராத்திரி வரைக்கும் சொறிந்துகொண்டிருந்தார். அந்தத் துவையல் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஏன் அதைச் சொல்ல வேண்டும்?

ஒருநாள் நெய்யில் மிளகும் சீரகமும் சுக்கும் பொரிய, வாணலிக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவர்கூட அவ்வளவு பக்தியாக நிற்க மாட்டார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"சமையலு இவ்ளோ சந்தோசமா இருக்கும்னு நீ எனக்குச் சொல்லவே இல்லியே கமலா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மாவுக்கட்டாலேயே ஒன்று வைத்திருப்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து இவருக்கும் இவர் அப்பா அம்மாவுக்கும் தறிக்காரர்களுக்கும் வடித்துக் கொட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியாத சந்தோஷத்தை இந்த மனுஷன் பத்து நாளில் கண்டுபிடித்துவிட்டார். பாத்திரம் தேய்க்கிற சந்தோஷத்தை மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அதற்குப் பக்கத்து வீட்டு அங்கம்மாள்தான் வந்தாள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எங்கள் ஒரே மகள் துர்காதேவிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். வாலாஜாபாத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். கட்டுச்சோறு கொண்டுபோய், வளையல் போட்டு, பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டிய நேரம். பிறந்த வீட்டில் ஒற்றைப்படையில் கலந்த சாதம் கட்டிக்கொண்டு போனால்தான் எங்கள் பக்கத்தில் பெண்ணை அனுப்புவார்கள்.

சம்பந்தியம்மாள் ரேணுகாம்பாளுக்கு அனுப்ப மனசில்லை. அது பாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வீட்டில் மூன்று வேளையும் சமைப்பது என் மகள்தான். நிறைமாதக்காரி அடுப்பெதிரில் நிற்பாள், அந்தம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து குழம்பில் காரம் போதவில்லை என்பார். மருமகன் குமரகுரு நல்ல பையன்தான், அம்மா எதிரில் மட்டும் வாயில் கொழுக்கட்டை. என் கை முறிந்தது அந்தம்மாளுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆயிற்று. அம்மாக்காரிக்கே ஊட்டிவிட ஆள் வேண்டும், இதில் பிள்ளைத்தாய்ச்சிக்கு யார் பொங்கிப் போடுவார்கள், இங்கேயே இருக்கட்டும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

என் மகள் கொல்லைப்புறத்தில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் எனக்குப் போன் செய்தாள். எப்போது வருவீர்கள் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

நான் சம்பந்திக்குப் போன் போட்டு, என் வீட்டுக்காரர் சமைக்கிறார் என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அப்புறம், "சரி, கொண்டாங்க. ஒறமொற எல்லாம் இருக்கட்டும். பொண்ணு வாய்க்குப் புடிச்சி சாப்புட்டா கூட்டிக்கினு போங்க. இல்லன்னா பேச்சில்ல" என்றார்.

வேறு யாரிடமாவது சமைத்து வாங்கிக்கொண்டு போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கேட்பாரா? என் மகளுக்கு நான்தான் சமைப்பேன் என்று ஒரே பிடியாக நின்றார்.

அவர் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். எந்தச் சாதம் என்று யோசிக்கவில்லை, எந்த நிறம் என்று யோசித்தார். புளிசாதம் அரக்கு. எலுமிச்சை சாதம் மாம்பழ மஞ்சள். கொத்தமல்லி சாதம் கிளிப்பச்சை. தயிர்சாதம் வெள்ளை. இவ்வளவும் புடவைக்கு உடல், கரை வேண்டாமா என்று, சிவனுக்குச் சாத்துகிற சங்குப்பூவைக் கூடை நிறையப் பறித்து வந்து கொதிக்க வைத்து, அந்த நீலத்தில் ஒரு சாதம் வடித்தார். மயில்கழுத்து நிறம். தட்டில் ஒரு பிடி எடுத்துப்போய் மொட்டைமாடி வெயிலில் வைத்து, நூல்கண்டைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்தார். நான் புளிக்காய்ச்சலை மட்டும் தொட்டு நக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அது போதும், பிழைத்தோம் என்று நினைத்து, புடவை கட்டிவிட வந்த அங்கம்மாளோடு உள்ளே போனேன். அந்த நேரத்தில்தான் மனுஷன் கைவரிசையைக் காட்டியிருக்கிறார்.

வாலாஜாபாத்தில் கூடம் நிறைய உறவுக்காரர்கள். என் மகள் மணையில் உட்கார்ந்திருந்தாள். வயிறு மட்டும்தான் இருந்தது, முகத்தில் சதை இல்லை. வளையல் போட்டு முடித்து, தூக்குகளைத் திறந்தோம். நீலம் இல்லை. ஐந்தாவது தூக்கில் கத்தரிக்காய் நிறத்தில் ஏதோ இருந்தது.

"சாயம் மாறிப் போச்சே" என்றார் இவர். சாதத்தைப் பற்றி அல்ல, சாயத்தைப் பற்றி.

என்ன செய்தீர்கள் என்று காதோடு கேட்டேன். பெருமையாகவே சொன்னார். ஒரே இலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நிறம் இன்னொன்றில் ஓடிவிடும் அல்லவா? அதனால் சாயத்தொட்டியில் போடுகிற மாதிரி, நிறம் நிற்க எல்லாத் தூக்கிலும் கைநிறைய உப்பும், நீலத்துக்குக் கூடுதலாக எலுமிச்சைச் சாறும் விட்டு, கையோடு மூடிவிட்டாராம். பட்டுக்குப் புளிப்பு விட்டால்தான் சாயம் பிடிக்குமாம், சோற்றுக்கும் அப்படித்தான் என்று நினைத்தாராம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழமொழி வேறு சொன்னார்.

நான் இடது கையால் ஒரு பருக்கை வாயில் வைத்தேன். ஊறுகாய்ச் சாடிக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. மஞ்சளும் அப்படித்தான், பச்சையும் அப்படித்தான். தயிர்சாதத்தைத் தொடவே எனக்குத் தைரியம் வரவில்லை. என் மகளை இந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகப் போகிறோம் என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்ட நாளை நினைத்து வயிறெரிந்தேன்.

சம்பந்தியம்மாள் ஒரு வாய் எடுத்தார். முகம் கோணிற்று, ஆனால் கண்ணில் தீபாவளி. துண்டில் துப்பிவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இத்தத்தான் நெறமாசக்காரிக்குப் போடப் போறீங்களா?"

உறவுக்காரர்கள் சிரித்தார்கள். மருமகன் தரையைப் பார்த்தான். இவர் மட்டும் இன்னும் அந்த ஊதாவையே வெறித்துக்கொண்டிருந்தார்.

துர்கா இலையைத் தன் பக்கம் இழுத்தாள். ஊதாச் சாதத்தில் ஒரு பெரிய உருண்டையாக எடுத்து வாயில் போட்டாள். மென்றாள், விழுங்கினாள். அடுத்தது எடுத்தாள். சிறுவயதில் குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறவள் என் மகள். நிறைமாதத்தில் இவ்வளவு உப்பு ஆகாதே என்று நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் வைப்பா" என்றாள் அப்பாவிடம்.

சம்பந்தியம்மாள், உப்பு கரிக்கவில்லையா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே அத்தை, வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று துர்கா சிரித்த முகமாகச் சொன்னாள். மஞ்சளைத் தின்றாள், பச்சையைத் தின்றாள். கண்ணில் தண்ணீர் நிற்க, காரம் என்று சொல்லிக்கொண்டு, கடைசியில் விரலைக்கூட நக்கினாள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று கிழவர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டே சொல்ல, அந்தம்மாளுக்குப் பெட்டியை எடுத்துத் தருவதைத் தவிர வேறு வழியில்லை.

நான் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இலையில் இருந்த உப்பைவிட அந்த வீடு அவளுக்கு எவ்வளவு கரித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அரிசி ஆலையைக் கார் தாண்டியதும் துர்கா தண்ணீர்ப் பாட்டிலைக் கேட்டாள். நிறுத்தாமல் குடித்தாள். இரண்டாவது பாட்டிலையும் குடித்தாள். முன்சீட்டில் இருந்தவருக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? தலை கால் புரியாத சந்தோஷத்தில், எலுமிச்சை விட்டால் நீலம் ஊதாவாகிறது, சோடா உப்பு போட்டால் பச்சையாகுமாம், நாளைக்கே போட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் திரும்பி, ஊதா எப்படி இருந்தது என்று மகளைக் கேட்டார். ரொம்ப நன்றாக இருந்தது என்றாள். அந்த மனுஷனுக்கு இது கடைசி வரைக்கும் தெரியப் போவதில்லை, தெரிந்தாலும் புரியப் போவதில்லை.

துர்கா என் தோளில் சாய்ந்துகொண்டாள். உதடெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது.

"அம்மா, அப்பாவே சமைக்கட்டும்மா" என்றாள் மெதுவாக. "உப்பு மட்டும் நீ போடு."

அதற்கு இடது கை போதும் என்றேன்.