மிக்கேல் மாஸ்டர் காலுக்கு அனுமதி

டீக்கடைக்காரர் வைரக்கண்ணு நகராட்சி அலுவலகத்துக்குப் போனபோது அவருக்கு நாற்பதாம் எண் டோக்கன் கிடைத்தது. வரிசையில் முன்னால் நின்ற முப்பத்தொன்பது பேரும் எதிர்க்கடை அடைக்கலம்தான். எல்லோரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். எல்லோரும் ஒன்றாகத் திரும்பி, "வாங்கண்ணே, சாப்டாச்சா?" என்றார்கள்.

வைரக்கண்ணு பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எங்கே போனாலும் தனக்கு முன்னால் அடைக்கலம்தான் நிற்பான் என்பது இருபது வருடமாக அவருக்குத் தெரியும். முப்பத்தொன்பது என்பதுதான் கொஞ்சம் அதிகம்.

விஷயம் இதுதான். மிக்கேல் மாஸ்டருக்குச் சர்க்கரை வியாதியில் இடது கால் போய்விட்டது. செயற்கைக் கால் வைக்க வேண்டும். அந்த ஊர் டீக்கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது கஷ்டம் என்றால் ஒருநாள் முழுக்கக் கடையில் டீ இலவசம். வாசலில் ஒரு குடம் இருக்கும். குடித்தவர்கள் மனசுக்குப் பட்டதை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். தேநீர் மொய் என்று அதற்குப் பெயர். அடைக்கலம் இதுவரை மூன்று மொய் நடத்திவிட்டான். மூன்றுக்கும் பேப்பரில் படம் வந்தது. படத்தில் நன்றாக வேறு இருந்தான்.

மிக்கேல் மாஸ்டர் பதினோரு வருடம் வைரக்கண்ணு கடையில் டீ ஆற்றியவர். பிறகு ஒருநாள் சாலையைக் கடந்து அடைக்கலம் கடைக்குப் போய்விட்டார். மாஸ்டரை வைரக்கண்ணு அன்றைக்கே மன்னித்துவிட்டார். அடைக்கலத்தை மன்னிக்கவில்லை. இப்போது அந்தக் காலாவது தன் டீயில் வர வேண்டும். அடைக்கலத்தின் டீயில் வந்துவிட்டால், மாஸ்டர் ஆயுசு முழுக்க அடைக்கலம் வாங்கிக்கொடுத்த காலில் நடப்பார். நினைக்கும்போதே வயிறு எரிந்தது.

மொய் நடத்த நகராட்சி அனுமதி வேண்டும். சந்தை நாளான வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒரு அனுமதிதான் தருவார்கள்.

"நானும் மாஸ்டர் காலுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார் வைரக்கண்ணு.

முப்பத்தொன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நீங்களே செய்யுங்கண்ணே. முதல்ல உங்க மாஸ்டர்தானே."

எல்லோரும் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். வைரக்கண்ணுவுக்கு அழுகை வருகிற அளவுக்கு ஆத்திரம் வந்தது. விட்டுக்கொடுப்பதிலும் அவனே முந்திக்கொண்டான்.

கவுன்ட்டர் நாலடி தூரத்தில்தான் இருந்தது. அவர் நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. வழியில் இரண்டு பஸ் நிறுத்தங்கள் வந்தன. ஒன்றில் மோர் விற்றார்கள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு மேலே நடந்தார். சுவரோரம் அடைக்கலங்கள் நடக்காமலேயே கூட வந்தார்கள்.

கவுன்ட்டரில் எழுத்தர் தில்லைநாயகி உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"உங்க மேல பொறாமைப்படுறவர் கையெழுத்து எங்க?"

"அது எதுக்கு மேடம்?"

"நல்லது பண்ணப் போறீங்கல்ல? பொறாமைப்படுறவருக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுத்துல வேணும்."

"அடைக்கலத்துக்கு யாரு போட்டுக் குடுத்தா?"

தில்லைநாயகி பழைய கோப்பை எடுத்துப் பார்த்தார். "நீங்கதான். மூணு தடவையும்."

அது அவருடைய கையெழுத்துதான். தாளின் ஓரம் லேசாகக் கருகியிருந்தது. போட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் பொறாமை உண்மையானது என்பதால் தகராறு செய்யவில்லை.

"நான் போடுறேண்ணே" என்று ஓர் அடைக்கலம் முன்னால் வந்தான்.

"வயிறு எரியுதான்னு சோதிக்கணும்" என்றார் தில்லைநாயகி. அவனைப் பெஞ்சில் படுக்கவைத்தார். அவன் வயிற்றின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். அடைக்கலம் கண்ணை இறுக மூடிக்கொண்டு வைரக்கண்ணுவைப் பற்றி நினைத்தான். வேர்க்கிற அளவுக்கு முயற்சி செய்தான். தண்ணீர் உறைந்து ஐஸ் ஆனது.

"மன்னிச்சுக்குங்கண்ணே. வர மாட்டேங்குது."

வைரக்கண்ணு மனைவிக்கு போன் செய்து விவரத்தைச் சொன்னார். "உங்க மேலயா? எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார். இத்தனை பெரிய ஊரில் தன்னைப் பார்த்து வயிறு எரிய ஒரு ஆள் இல்லையே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

அப்போது மிக்கேல் மாஸ்டர் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார். அவருக்குத் தாழ்வாரம் நாலடியாகவே இருந்தது.

"எனக்கு உண்டு மேடம்" என்றார்.

தில்லைநாயகி டம்ளரை வைத்துப் பார்த்தார். தண்ணீரிலிருந்து மெல்ல ஆவி வந்தது. விரலை விட்டுப் பார்த்தார்.

"குடிக்கிற சூடு. செல்லும். காரணம் எழுதணும்."

மாஸ்டர் எழுதினார். தில்லைநாயகி அதை உரக்கப் படித்தார்.

"அவருக்கு உட்கார நாற்காலி இருந்தது."

"ஆமாங்க" என்றார் மாஸ்டர்.

"ஆட்சேபணை?"

"ஒண்ணும் இல்லீங்க."

கல்லாவில் வைரக்கண்ணுவுக்கு நாற்காலி உண்டு. பாய்லர் பக்கத்தில் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. மாஸ்டர் உட்கார்ந்தால் வியாபாரமும் உட்கார்ந்துவிடும் என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பளத்துக்கு ஆசைப்பட்டு மாஸ்டர் போய்விட்டார் என்று ஊருக்குச் சொன்னதும் அவர்தான்.

தில்லைநாயகி கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"நடத்துறவர் வைரக்கண்ணு. பயனாளி மிக்கேல். டீ போடுறவர்..." அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "மிக்கேல்."

அது வைரக்கண்ணுவின் பழக்கதோஷம். அந்தப் பதினோரு வருடமும் எந்தத் தாளில் அப்படிக் கேட்டாலும் அவர் அந்தப் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். அவருக்கு டீ போடத் தெரியாது. மாஸ்டருக்குப் பிறகு வந்த யாரும் அவர் கடையில் நிலைக்கவும் இல்லை.

"ஐயோ, அதை மாத்திடுங்க மேடம்."

"ஆள் பேரை மாத்தலாம். வேற யாரு?"

"நான் போடுறேண்ணே" என்றார்கள் முப்பத்தொன்பது அடைக்கலங்களும்.

வைரக்கண்ணு அவர்களைப் பார்த்தார். தன் கடையில், தன் பாய்லருக்கு முன்னால், வெள்ளைச் சட்டையோடு அடைக்கலம் நிற்கிற படம் பேப்பரில் வருவதை நினைத்துப் பார்த்தார். பக்கத்தில் கோப்புகள் வெதுவெதுப்பாயின.

"வேணாம். இருக்கட்டும்" என்றார்.

"சரி மொதலாளி. நான் நின்னுடுறேன்" என்றார் மாஸ்டர்.

தில்லைநாயகி முத்திரை குத்தினார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே கூட்டம் வந்துவிட்டது. மிக்கேல் மாஸ்டர் பாய்லர் முன்னால் ஒற்றைக் காலில் நின்று டீ ஆற்றினார். இரண்டு கையும் டீயில் இருந்ததால் கட்டையைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது டீக்கு உடம்பு சாய்ந்தது. எதிர்க்கடையிலிருந்து அடைக்கலம் ஓடிவந்து தோள் கொடுத்தான். அன்றைக்கு அவன் ஒரே ஒரு ஆளாகத்தான் வந்திருந்தான்.

குடத்தில் காசு விழுந்துகொண்டிருந்தது. பேப்பர்காரர் படம் எடுக்க வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த வைரக்கண்ணு குடத்தையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. மாஸ்டரின் ஒரு கை அடைக்கலத்தின் கழுத்தைச் சுற்றி வந்து டம்ளரைப் பிடித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடத்தில் அந்தக் கை ஒருநாள்கூடத் தன் தோளில் விழுந்ததில்லை. அவரால் தாங்க முடியவில்லை.

எழுந்து போனார். "தள்ளுடா. அவரு என் மாஸ்டர்."

அடைக்கலம் விலகிக்கொண்டான். வைரக்கண்ணு குனிந்து தன் தோளைக் கொடுத்தார். பாரம் முழுக்க அவர் மேல் இறங்கியது. இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது.

"என்ன மாஸ்டர், இவ்ளோ கனமா இருக்கீங்க? ஒரு காலு போயுமா?"

மாஸ்டர் மறு கையைத் தூக்கி ஒரு டீயை நீளமாக ஆற்றினார்.

"இது நிக்கிற கனம் மொதலாளி. ரெண்டு காலு இருந்தப்பவும் இதேதான்."

கூட்டத்தில் யாரோ நாலு டீ கேட்டார்கள். மணி காலை ஏழரைதான் ஆகியிருந்தது.