பனகல் பார்க்கில் ஒரு நெய்ப் பரீட்சை

வேப்பங்குச்சியை விடாத மயிலாப்பூரில் பல்பொடியை விற்றுக் காட்டியவன் இக்னேஷியஸ். காப்பியைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காத வீடுகளுக்குள் ஒரு மால்ட் பானத்தை ‘டாக்டர்கள் சொல்லும் பானம்’ என்று நுழைத்தவனும் அவன்தான். எந்த டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜனங்கள் சாமானைப் பார்த்து வாங்குவதில்லை, பக்கத்து வீட்டுக்காரியின் அபிப்பிராயத்தைத்தான் வாங்குகிறார்கள் என்பது அவன் தொழிலில் கற்ற பாடம். அந்த அபிப்பிராயத்தை உண்டாக்கிக் கொடுப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் சுபஜோதி வனஸ்பதிக் கம்பெனிக்கு அபிப்பிராயம் அவசரமாகத் தேவைப்பட்டது. வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்கிறார்கள், அதைத் தடுக்க வனஸ்பதிக்கு ஏதாவது ஒரு நிறம் சேர்க்கவேண்டும் என்று டில்லியில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நிறம் சேர்த்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று கம்பெனிக்காரர்கள் பயந்தார்கள். பம்பாயிலிருந்து வந்து இறங்கிய மானேஜர் பட்வர்தன் இக்னேஷியஸை எதிரே உட்காரவைத்துச் சொன்னார்:

“சென்னைக் குடும்பப் பெண்கள் நம் பக்கம் என்று பத்திரிகைகளில் வரவேண்டும். அதை நான் டில்லிக்கு அனுப்பவேண்டும். செய்து காட்டு, தென்னிந்தியா முழுமைக்கும் விளம்பர அதிகாரி நீதான். முடியாவிட்டால் நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.”

“முடியும் சார்” என்றான் இக்னேஷியஸ். அவன் அந்த வார்த்தையை யோசித்துச் சொன்னதே கிடையாது.

அவன் போட்ட திட்டம் எளிமையானது. தியாகராய நகரில் பனகல் பார்க்குக்கு அருகே ஒரு பந்தல். இரண்டு தட்டுகளில் மைசூர்பாகு. ஒன்று நெய்யில் கிளறியது, மற்றது சுபஜோதியில் கிளறியது. எது நெய் என்று பெண்களே தின்று பார்த்துச் சொல்லட்டும். தன் ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டான். ஏலக்காய் வாசனையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பரீட்சைக்கு வேண்டிய நெய்யை மட்டும் மலிவாக வாங்கவில்லை. உஸ்மான் ரோட்டில் பெரிய கடையாகப் பார்த்து, ‘சுத்தமான பசு நெய்’ என்று பலகை தொங்கும் கடையாகப் பார்த்து, அவனே போய் வாங்கி வந்தான். அவன் மனைவி நோராவும் வீட்டுக்கு அங்கேதான் வாங்குவாள்.

தலைமை தாங்க ஆளும் கையிலேயே இருந்தது. அவனுடைய அக்கா வெரோனிகா சாந்தோமில் பெண்கள் பள்ளியில் சமையல் வகுப்பு எடுப்பவள். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பாதி வீட்டு மருமகள்கள் அவளிடம் படித்தவர்கள். வெரோனிகா டீச்சர் உப்பு போதாது என்றால் போதாதுதான்.

“நான் வரேன்டா” என்றாள் அவள். “ஆனா அவங்க என்ன சொல்றாங்களோ அதைத்தான் மைக்குல சொல்லுவேன். ஒண்ணும் கூட்ட மாட்டேன், ஒண்ணும் குறைக்க மாட்டேன்.”

“அதுதான்க்கா எனக்கு வேணும். நீ பொய் சொல்ல மாட்டேன்னு ஊருக்கே தெரியும். அதுக்காகத்தானே உன்னைக் கூப்பிடறேன்.”

“அடேயப்பா! என் நாணயத்தையும் டின்னுல அடைச்சு விக்கப்போறியா?”

அவன் சிரித்தான். அவள் சொன்னது கிட்டத்தட்ட சரி. பரீட்சைக்கு முதல் நாளே அவன் விளம்பரத்தை எழுதி அச்சகத்தில் அச்சுக் கோக்கச் சொல்லிவிட்டிருந்தான். ‘மயிலைப் பெண்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை! நெய்க்கும் சுபஜோதிக்கும் வித்தியாசம் இல்லை — திருமதி வெரோனிகா தலைமையில் நடந்த பரீட்சையின் முடிவு.’ முடிவு தெரிந்த பிறகு விளம்பரம் எழுதுகிறவன் பிழைக்கத் தெரியாதவன் என்பது அவன் கட்சி.

நாள் குறிப்பதிலும் அவன் கவனமாகவே இருந்தான். மழைக்காலத்தைத் தவிர்த்தான். தவக்காலம் முடியட்டும் என்று காத்திருந்தான். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றான். கோவில் உற்சவம் எதுவும் குறுக்கே வராமல் விசாரித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் பந்தல் நிரம்பி வழிந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் சிறிய டின் ஒன்று இலவசம் என்று அறிவித்திருந்ததால் அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒன்பது கஜப் புடவைகளும் வைரத் தோடுகளுமாக மாமிகள். பத்திரிகை நிருபர்கள் இருவர் ஓரமாக நின்றார்கள். மானேஜர் பட்வர்தன் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

தட்டுகள் முன்வரிசைக்குப் போயின. போன வேகத்தில் அப்படியே திரும்பி வந்தன. ஒரு துண்டுகூடக் குறையவில்லை.

இக்னேஷியஸ் முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் போனான். முத்துலட்சுமி என்று பெயர். ஜி.என். செட்டி ரோட்டில் ஒரு வக்கீலின் மனைவி. அவளுடைய பெண் வெரோனிகாவிடம் படித்தவள்.

“எடுத்துக்குங்கம்மா. சமையல்காரர் மயிலாப்பூர்தான். மாட வீதிக்காரர். மடியாத்தான் பண்ணியிருக்கார்.”

“அதுக்கில்லே சார்” என்றாள் முத்துலட்சுமி. “இன்னிக்கு ஏகாதசியாச்சே. கடலைமாவை எப்படி வாயில வச்சுக்கறது?”

பக்கத்திலிருந்த அம்மாள் சேர்ந்துகொண்டாள். “ஏகாதசி இல்லேன்னாலும், நடுத்தெருவுல பந்தல் போட்டு உக்காந்துண்டு, நாலு பேர் பார்க்கத் திங்கறதா? ஆத்துக்குக் குடுத்தனுப்புங்கோ, நாளைக்குப் பார்த்துச் சொல்றோம்.”

பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், “சாந்தோம்காரருக்குப் பஞ்சாங்கம் எங்கே தெரியப்போறது!” என்றாள். பந்தல் முழுக்கச் சிரித்தது. வெரோனிகாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மாதா கோவில் திருவிழாவில் ஊரே ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவன் இக்னேஷியஸ். இப்படி ஒரு சிக்கல் வருமென்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. மானேஜர் என்ன தாமதம் என்று கேட்டார். “மரியாதைக்காக ஒருவரை ஒருவர் முந்தச் சொல்கிறார்கள்” என்று இங்கிலீஷில் சமாளித்துவிட்டு, தட்டோடு பின்வரிசைக்கு நடந்தான்.

“நான் துன்றேன், குடு நைனா” என்று கையை நீட்டினாள் மீன்காரி தேவானை. மீன் கூடையைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தட்டிலிருந்தும் எடுத்து, நிதானமாக மென்று முடித்தாள். நிருபர்கள் பென்சிலைக் கூர்பார்த்துக்கொண்டார்கள்.

“சொல்லும்மா. எது நெய்?”

“ரெண்டும் ஷோக்காத்தான் கீது.”

“எது நெய்யில செஞ்சதுன்னு கேக்கறேன்.”

“அது எனக்கு இன்னா தெரியும்? நெய்ய நான் எங்க கண்டேன்?” என்றாள் தேவானை. “இன்னொரு துண்டு குடு, யோசிச்சுச் சொல்றேன்.”

மறுபடியும் சிரிப்பு. நிருபர்களும் சிரித்தார்கள். கூட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருப்பதை இக்னேஷியஸ் உணர்ந்தான். அப்போது முத்துலட்சுமியே வழி சொன்னாள்.

“எங்களை எதுக்கு சார் திங்கச் சொல்றேள்? நெய்யைத் தின்னா பார்ப்பா? நீங்க கிளறினதுல மிச்சம் இருந்தா ரெண்டையும் கொண்டாங்கோ. மோந்து பார்க்கறதுக்கு ஏகாதசி ஒண்ணும் இல்லே.”

இக்னேஷியஸ் ஒரு கணம் தயங்கினான். ஏலக்காய் மறைத்ததைப் பச்சையாக எடுத்து மூக்குக்கு நேரே வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மறுத்தால் நாளைக்குப் பத்திரிகையில் அதுதான் வரும். இத்தனை பேரில் நாலு பேர் தப்பாகச் சொன்னால்கூடப் போதும், மீதியைத் தான் பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்தான். இரண்டு கிண்ணங்களும் வந்தன. எது எது என்று அவனுக்கும் வெரோனிகாவுக்கும் மட்டும் தெரியும்.

முத்துலட்சுமி ஒவ்வொன்றிலும் விரலால் தொட்டு, இடது புறங்கையில் ஒன்றும் வலது புறங்கையில் ஒன்றுமாகச் சூடு பறக்கத் தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். கிண்ணங்களை அடுத்தவளிடம் நகர்த்தினாள். அவளும் தேய்த்தாள், முகர்ந்தாள். கிண்ணங்கள் வரிசை வரிசையாகப் போயின. புறங்கையை மூக்கில் வைத்துக்கொண்ட பெண்களின் வரிசையை பட்வர்தன் வியப்போடு பார்த்தார்.

“என்ன மாமி?” என்றாள் வெரோனிகா.

“ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்.”

இக்னேஷியஸின் நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்தாயிற்று! அச்சில் கோத்து வைத்த வாக்கியம் மாமியின் வாயாலேயே வந்துவிட்டது. அவன் மானேஜர் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் முத்துலட்சுமி முடித்தாள்.

“ரெண்டுமே டப்பா சரக்கு. இதுல நெய்யே கிடையாது. ஒண்ணுல ஏதோ துளி எஸன்ஸ் விட்டிருக்கான், தேய்ச்சவுடனே பறந்துடறது.”

“இல்லம்மா, அதை நானே கடையில—”

“நீங்க வாங்கினேள். அவன் குடுக்கலையே!”

அதற்குள் பந்தலின் நாலு மூலையிலிருந்தும் அதையே சொன்னார்கள். கலியாணத்துக்கு வாங்கிய நெய் உறைந்தபோது மணல் மணலாக இல்லாமல் மெழுகு மாதிரி இருந்ததை ஒருத்தி சொன்னாள். குழந்தைக்குச் சோற்றில் விடுவது எது என்று இன்னொருத்தி கேட்டாள். வனஸ்பதி என்று தெரிந்து வாங்கினால் அது வேறு, நெய் விலை கொடுத்து வனஸ்பதி வாங்குவதா என்று ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். “கலர் போடச் சொல்லுங்கோ! அப்பவாவது கண்ணுக்குத் தெரியும்!”

வெரோனிகா மைக்கின் முன் போய் நின்றாள். வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னாள். “வந்திருக்கிற பெண்களின் முடிவு இது. இரண்டு கிண்ணத்திலும் நெய் இல்லை. நெய் என்று கடையில் வாங்கியதும் வனஸ்பதிதான். இதற்கு நிறம் போடவேண்டும் என்று கேட்கிறார்கள்.” நிருபர்கள் குனிந்து எழுதினார்கள்.

“எந்தக் கடை?” என்று ஒரு குரல். அடுத்த நிமிஷம் பந்தலே கேட்டது. “எந்தக் கடைன்னு சொல்லுங்கோ!”

பட்வர்தன் இக்னேஷியஸின் முழங்கையைப் பிடித்துப் பந்தல்காலுக்குப் பின்னால் இழுத்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். கடையின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறிற்று.

“அங்கேயா போய் வாங்கினாய்? பெயரைச் சொல்லிவிடாதே. வெளியூர் வியாபாரி, ஆள் தெரியாது என்று சொல். விளம்பரம் நாளைக்கு நீ எழுதியபடியே வரட்டும். உன் அக்கா மைக்கில் பேசியதை எத்தனை பேர் கேட்டார்கள்? விளம்பரத்தைப் பார்க்கப்போவது லட்சம் பேர்.”

“அந்தக் கடையை நமக்குத் தெரியுமா சார்?”

“தெரியுமாவா? சென்னையில் நம் டின்களில் பாதி அந்த மாதிரி கடைகளுக்குத்தான் போகிறது. நிறம் போட்டால் முதலில் படுப்பது அவர்கள். அவர்கள் படுத்தால் நாம் எங்கே?” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “உன் நியமன உத்தரவு என் பையிலேயே இருக்கிறது, இக்னேஷியஸ். தென்னிந்தியா முழுவதும்.”

இக்னேஷியஸைச் சுட்டது வேறு ஒன்று. இத்தனை மாதமாகச் சுவர்களிலும் சினிமாக் கொட்டகைத் திரைகளிலும் தான் எழுதியதைப் படித்துத்தான் சென்னை சுபஜோதியை வாங்குகிறது என்று அவன் மார்தட்டிக்கொண்டிருந்தான். பாதி டின்கள் அவன் எழுதிய ஒரு வரிகூட இல்லாமல், சுபஜோதி என்ற பெயரே இல்லாமல், நெய் என்று விற்றிருக்கின்றன. ஒருவரை இசையவைத்து வாங்கச் செய்வது அவன் தொழில். இவர்களோ யாரையும் கேட்கவே இல்லை. நோரா ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் கடை வாசலில் நின்றது ஞாபகம் வந்தது.

“சார், விளம்பரத்தை நிறுத்திடறேன்” என்றான்.

“நிறுத்தினால் நாளையிலிருந்து நீ என் ஆபீசுக்கு வரவேண்டாம்.”

“சரி சார்.”

பட்வர்தன் அவன் விளையாடுகிறான் என்றே நினைத்தார். இக்னேஷியஸ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தின் நடுவே மேடைக்கு நடந்தான். கூச்சல் இன்னும் அடங்கவில்லை. தேவானைகூட எழுந்து நின்று, “பேர சொல்லு நைனா, நாங்களும் தெரிஞ்சுக்கினு போறோம்” என்றாள்.

“கேக்கறாங்கடா” என்றாள் வெரோனிகா.

“சொல்லத்தான் வந்தேன். தள்ளிக்கோக்கா.”

மைக்கைத் தன் உயரத்துக்குத் தூக்கிவிட்டுக்கொண்டான். கூட்டம் அமைதியாகும்வரை காத்திருந்தான். பிறகு, கோதண்டபாணி நெய் ஸ்டோர்ஸ், உஸ்மான் ரோடு என்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, எழுத்து எழுத்தாக நிறுத்திச் சொன்னான். நிருபர்கள் எழுதி முடித்து நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவையும் சொன்னான்.