நீர்க்கட்டிக்குள் நடப்பவர்

“மணிக்கட்டுல என்ன, கோலிகுண்டு மாதிரி?”

“தெரியலைங்க. உள்ள யாரோ நடக்கிறாங்க.”

“வலிக்குதா?”

“வலியில்லை. செருப்புச் சத்தம்தான்.”

“சரி, ஸ்கேன் எடுத்துடலாம்.”

போன வெள்ளிக்கிழமை நானும் என் கணவர் தணிகாசலமும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். செருப்புச் சத்தம் கேட்டால் ஸ்கேன் எடுப்பதுதான் வழக்கம். திங்களன்று கிளம்பினோம்.

ஸ்கேன் சென்டர் வராந்தாவில் அவர் முன்னால் போனார். எப்போதும் அப்படித்தான். கல்யாணத்தில் அக்னியைச் சுற்றும்போது என் கையைப் பிடித்திருந்தார். சுற்றி முடித்ததும் விட்டுவிட்டு முன்னால் நடந்தார். இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். மறுபடி பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். அன்றே கேட்டிருப்பேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் நடக்க நடக்க வராந்தா நீண்டது. நடுவில் ஒரு டீக்கடை வந்தது. அப்புறம் ஒரு பஸ் ஸ்டாப். அங்கே நின்ற வாட்ச்மேன் எனக்கு வணக்கம் வைத்தார்.

“சாரைத் தொலைச்சிட்டீங்களாம்மா?”

“இல்லைங்க. அதோ, வெள்ளைச் சட்டை, புள்ளியாத் தெரியுறாரே.”

“நல்லா நடக்கிறாரு” என்று பாராட்டினார்.

ஸ்கேன் அறைக்குள் நான் மட்டும் திரும்பினேன். டாக்டர் ஜெசிந்தா என் மணிக்கட்டில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினார்.

“நீர்க்கட்டிதான். பயப்படாதீங்க. உள்ள ஒருத்தர் நடக்கிறார்.”

“வெள்ளைச் சட்டையா?”

“கறுப்பு வெள்ளைப் படம்மா இது. யாரா இருந்தாலும் வெள்ளைச் சட்டைதான்.”

திரையை எட்டிப் பார்த்தேன். பின்கழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவரை நான் அதிகம் பார்த்திருப்பது அந்தப் பக்கம்தான்.

“எங்க வீட்டுக்காரர்தான் டாக்டர்.”

“முகம் தெரியாம ரிப்போர்ட் தர முடியாது. கூப்பிடுங்க.”

“ஏங்க!”

திரையில் அவர் நின்றார். வெளியே வராந்தாவும் நீள்வதை நிறுத்திக்கொண்டது. அவர் திரும்பினார். முகம் லேசாக வேர்த்திருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தார்.

“என்ன வேணும்?” என்று கட்டிக்குள்ளிருந்து கேட்டார்.

‘ஒண்ணுமில்லைங்க’ என்பது வாய்வரை வந்துவிட்டது. எனக்கு நன்றாகப் பழகிய பதில் அது.

“ஜெல் காயுதும்மா. காய்ஞ்சா அவர் பாட்டுக்குப் போயிட்டே இருப்பார்” என்றார் டாக்டர்.

மணிக்கட்டின் பக்கம் குனிந்தேன்.

“என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடங்க. எந்தக் கையா இருந்தாலும் சரி.”