அண்ணனுக்குப் பனி காட்டியது

உலகின் தென்கோடியில், த்ரீ கிங்ஸில் யசீகரன் வீட்டுக்கு யார் வந்தாலும் ருவபேஹு மலைக்குக் கூட்டிப்போய்ப் பனி காட்டாமல் விடமாட்டான். கொழும்பு மாமிக்குக் காட்டினான், சென்னைச் சிநேகிதனுக்குக் காட்டினான். அதே சூட்டோடு ரொறன்ரோவிலிருந்து வந்த அண்ணன் இரத்தினசிங்கத்துக்கும் காட்டப் புறப்பட்டானே, அதுதான் வேடிக்கை. அந்த மனுசன் அங்கே தெருவில் பனி வழிக்கிற லொறி ஓட்டுகிறவர்.

இருவரும் நேரில் கண்டே இருபத்திரண்டு வருடம். போன வருடம் அண்ணியின் செத்தவீட்டுக்குக்கூட யசீகரனால் போக முடியவில்லை. பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அண்ணன் நின்ற பத்து நாளும் மங்கரேயில் சரக்கு ஏற்றும் இரவு வேலை அவனைத் தின்றுவிட்டது. லீவு இந்த ஒரு நாள்தான். விடிந்தால் அண்ணனுக்கு விமானம். வீட்டில் சும்மா இருத்தி வைத்தால் மரியாதையில்லை என்று, வேலையால் வந்த கையோடு காரை எடுத்தான். ஐந்து மணித்தியால ஓட்டம் முழுக்க நித்திரையோடு மல்லுக்கட்டியதில் கதைக்க வாய் வரவில்லை.

மலையில் சனம் சறுக்குப் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தது. இரத்தினசிங்கம் இறங்கி, சப்பாத்து முனையால் பனியைத் தட்டிப் பார்த்தார்.

"ஈரப் பனி. வழிக்கக் கஷ்டம்."

"பிடிக்கேல்லையோ அண்ணை?"

"கோவிக்காதை தம்பி. அங்கை இப்ப கோடை, நல்ல வெயில். வருசத்தில நாலஞ்சு மாசம்தான் இந்தக் கோதாரியைக் காணாமல் இருப்பன்."

"பிறகேன் வந்தனீங்கள்?"

"காருக்குள்ளயெண்டாலும் கதைக்கலாமெண்டுதான்."

யசீகரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழுகையும் வந்தது.

"போகேக்க கதைப்பம் அண்ணை."

"ஓம், கதைப்பம். கார்த் திறப்பைத் தா, நான் ஓடுறன். உன்ர கண்ணைப் பார், செக்கச்செவேலெண்டு கிடக்கு."

திரும்பும் வழியில் தௌப்போ ஏரி தெரிந்தபோது யசீகரன் துணிந்து கேட்டுவிட்டான்.

"அண்ணி இல்லாமல் தனிய எப்பிடி அண்ணை சமாளிக்கிறீங்கள்?"

"பின்னேரம்தான் கஷ்டம்..." என்று இரத்தினசிங்கம் தொடங்கினார்.

யசீகரன் கண் விழித்தபோது புக்கெகோஹிக்குத் திரும்புகிற சந்தி; வீடு கிட்டிவிட்டது. அண்ணனின் ஜாக்கெட் அவன்மேல் கிடந்தது. சடாரென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்னை எழுப்பியிருக்கலாமே! நீங்கள் கதைச்சுக்கொண்டெல்லே இருந்தனீங்கள்?"

"ஓம். வழியில ஹமில்டன் வரைக்கும் கதைச்சுக்கொண்டுதான் வந்தனான். எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அண்ணை."

"தெரியும்," என்றார் இரத்தினசிங்கம். "நீ முழிச்சிருந்தா சொல்லியிருக்கமாட்டன்."